ஷிபான் ஊரில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள்

என் வீட்டுக்காரர் துவான் ஷோசெங்கை ஊரில் பாதிப் பேர் துரோகி என்கிறார்கள். மீதிப் பேர் கல்நெஞ்சக்காரர் என்கிறார்கள். இரண்டுமே அவருக்கு அதிகப்படியான மரியாதை. அந்த மனிதரோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான் சொல்கிறேன், அவருக்குப் படிக்கத் தெரியாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் இதை நான் சொல்லும்போது மட்டும் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, பாவம், புருஷனுக்காகப் பேசுகிறாள் என்று போய்விடுகிறார்கள்.

என் அப்பா குன்மிங் நகரத்தில் மருந்துக் கடை வைத்திருந்தார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், இருநூற்று நாற்பது. ஒவ்வொன்றிலும் ஒரு வேரின் பெயரோ பட்டையின் பெயரோ ஒட்டியிருக்கும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க அவரால் முடியாததால் எனக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டு வயதில் அத்தனை இழுப்பறையும் எனக்கு அத்துப்படி. கல்யாணத் தரகி வந்து, "மாப்பிள்ளை படிச்சவரு, மாவட்டக் கச்சேரியில மூணு வருஷம் இருந்தவரு" என்றபோது அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இருந்தது உண்மைதான். மூன்று வருஷமும் அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார் என்பதைத் தரகி சொல்லவில்லை.

அந்த மூன்று வருஷத்தில் என் வீட்டுக்காரர் அதிகாரிகளிடமிருந்து எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். காகிதம் கைக்கு வந்தால் இரண்டு முறை இருமுவார். வெறும் கண்ணாடி போட்ட மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். காகிதத்தைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்து, புருவத்தை உயர்த்தி, "ம்" என்பார். அந்த "ம்" ஒன்றுக்கே நாலு பேர் எழுந்து நிற்பார்கள். கல்யாணமான மூன்றாம் நாள் பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நல்ல நாள் பார்த்தார். அதில் ஒரு மாட்டுப் படம் இருந்தது.

"மாட்டுக்குக் கால் மேல இருக்கே," என்றேன்.

"அது படுத்திருக்கு," என்றார்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் எனக்குத் தெரிந்தது தெரியும். ஆனால் பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட இருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்குப் பதில் ஓர் ஏற்பாடு தானாக உண்டானது. கச்சேரியிலிருந்து காகிதம் வந்தால் அடுப்பங்கரையில் கொண்டுவந்து வைப்பார். நான் விறகைத் தள்ளிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சத்தமாகப் படிப்பேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உதடு மட்டும் அசையும். ஒரு தடவை காதில் விழுந்தது அவருக்கு மறக்காது, அந்த வரம் மட்டும் இருந்தது. மறுநாள் காலை வாதுமை மரத்தடியில் சேகண்டி அடித்து, காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, தேதி வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார். சில சமயம் பக்கத்தைத் தப்பான இடத்தில் திருப்புவார். யாருக்குத் தெரியப்போகிறது? ஊரில் எழுத்துத் தெரிந்த வாத்தியாரைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு, நாற்பது வீட்டுக்கும் படித்தவர் என்றால் துவான்தான். அதனால்தான் அவரை ஊர்த் தலைவராகப் போட்டார்கள்.

ஜப்பான்காரனோடு யுத்தம் நடந்த அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்கார விமானிகள் வந்தார்கள். அவர்களைப் பற்றியும் எனக்கு ரொம்பப் பெரிய எண்ணம் கிடையாது. குன்மிங்கில் என் தம்பி வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். தோல் சட்டை, உயரமான பூட்ஸ், எந்நேரமும் வாயில் எதையாவது மெல்லுவது, ஜீப்பை வயலில் இறக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பது. அவர்கள் எந்த நாட்டுப் பட்டாளமும் இல்லையாம். சொந்த நாட்டுப் பட்டாளத்து வேலையை விட்டுவிட்டு, நம் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, சாமான் விற்பவன், குடியானவன் என்று கடவுச்சீட்டில் பொய்த் தொழில் எழுதிக் கப்பலேறி வந்தவர்கள். விமானத்தின் மூக்கில் வாயும் பல்லும் வரைந்து வைத்திருந்தார்கள். வயது வந்த ஆண்கள் செய்கிற வேலையா அது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் ஒன்றை மறுக்க மாட்டேன். அதற்கு முன்னால் மூன்று வருஷமாக, கடைசி ஒரு வருஷம் ஹனோய்ப் பக்கமிருந்து, ஜப்பான்காரனின் விமானங்கள் வெயில் காய வருகிற மாதிரி நிதானமாக வந்து, குண்டு போட்டுவிட்டு, நிதானமாகத் திரும்பிப்போகும். மலை மேல் கம்பத்தில் எச்சரிக்கைக்குச் சிவப்புப் பந்து ஏறும், ஜனங்கள் சுடுகாட்டுப் பக்கம் ஓடுவார்கள். அப்படி ஒரு நாள் ஓடாமல் இழுப்பறைகளைப் பூட்டிக்கொண்டிருந்த என் அப்பாவின் மேல் கடையே இடிந்து விழுந்தது. இந்தப் பல் வரைந்த விமானங்கள் வந்த பிறகு நகரத்து ஜனங்கள் மத்தியானச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காக அவர்களை என்ன வேண்டுமானாலும் மெல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷப் புத்தாண்டு விருந்துக்குப் பக்கத்து ஊர்த் தலைவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். என் வீட்டுக்காரர் குடித்த மப்பில், விருந்தாளிகளைக் குஷிப்படுத்த, "பொம்பளைக்கு எழுத்து தெரிஞ்சா அந்த வீடு உருப்படாது" என்கிறார். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் மீனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அடுத்த காகிதம் அடுப்பங்கரைக்கு வந்தபோது நான் விறகைத் தொடவில்லை.

"தலைவரே, நீங்களே படிச்சுக்குங்க. நான் படிச்சா வீடு உருப்படாது."

ஒரு வார்த்தை, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்வாரா? காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார். அதில் கொடிப் படம் அச்சிட்டிருந்தது, சிவப்பில் ஒரு மூலை நீலம், அந்த நீலத்தில் வெள்ளைச் சூரியன், நம் அரசாங்கக் கொடி. படத்தை வைத்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, மறுநாள் மரத்தடியில் இரண்டு தடவை இருமி, வீட்டுக்கு ஒரு கொடி ஏற்ற வேண்டும் என்று கச்சேரி உத்தரவு என்று படித்துவிட்டார். நாற்பது வீட்டுக்காரர்களும் எந்தப் பண்டிகையும் இல்லாத மாதத்தில் போர்வையைக் கிழித்துக் கொடி தைத்தார்கள். புதுப்பெண் ஒருத்தியின் சீதனச் சிவப்புத் துணியும் போனது. பக்கத்து ஊர்த் தலைவர்களுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை, அவர்கள் காகிதத்தில் புகையிலை சுற்றிவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களோ, எங்கள் தலைவர் ஒருத்தர்தான் உத்தரவை ஒழுங்காகப் படித்தார் என்று சந்தையில் பீற்றிக்கொண்டார்கள். நான் அந்தக் காகிதத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு வைராக்கியம். இன்றைக்கு அந்த வைராக்கியத்தை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

மே மாதம். சந்தை நாள். கடுகுக்கீரை ஊறுகாய் இரண்டு ஜாடியைத் தோள்கம்பில் மாட்டிக்கொண்டு விடியலில் கிளம்பினேன். சந்தை இரண்டு மணி நேர நடை. பாதி வழியில் தலைக்கு மேலே விமானங்கள் சுற்றிச் சுற்றிச் சுட்டுக்கொண்டன. ஒன்று புகைந்துகொண்டு முகட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. வானத்தில் ஒரு வெள்ளைக் குடை தெரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் இறங்குகிறதே என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன், பிறகு சந்தையில் நல்ல இடம் போய்விடும் என்று நடையைக் கட்டினேன்.

ஊரில் நடந்ததைப் பின்னால் பக்கத்து வீட்டுப் பாவ் லாவ்சான் எனக்குச் சொன்னார். அவர் கொஞ்ச காலம் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ரயில் பாதையில் கூலி வேலை செய்தவர், அதனால் வெளிநாட்டு விவகாரம் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பு. விழுந்தவனைச் சுற்றி ஊரே மண்வெட்டியோடு நின்றிருக்கிறது. மஞ்சள் முடி, பெரிய மூக்கு, தொடையில் ரத்தம்.

"இவன் பிரெஞ்சுக்காரன்பா," என்று பாவ் சொல்லியிருக்கிறார். "ரயில்ல வேலை பாத்தப்ப இதே மூக்கை எத்தனை பாத்திருக்கேன்."

"பிரெஞ்சுக்காரன் நம்ம ஆளா, அவங்க ஆளா?"

"ஹனோயைத் தூக்கி ஜப்பான்காரன் கையில குடுத்தவன் யாரு? குண்டு போடற விமானம் அங்கேருந்துதான வருது. கணக்குப் போட்டுக்க."

நாலைந்து பேர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார்களாம். அப்போது அவன் முழங்காலில் திரும்பி உட்கார்ந்து, முதுகைக் காட்டியிருக்கிறான். தோல் சட்டையின் முதுகில் ஒரு துணி தைத்திருந்தது. அதில் கொடி, கொடிக்குக் கீழே எழுத்து, எழுத்தின் மேல் சிவப்பு முத்திரை. கொடியை எவன் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம், ஆனால் எழுத்து என்றதும் எல்லோரும் கையை இறக்கிவிட்டுத் தலைவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு.

என் வீட்டுக்காரர் வந்தார். இருமினார். கண்ணாடியைத் துடைத்தார். முதுகுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார்.

"என்ன தலைவரே எழுதியிருக்கு?"

"இது ராணுவ ரகசியம். நாலு பேர் முன்னாடி படிக்கக் கூடாது."

"முழுசும் வேணாம். நம்ம ஆளா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

"அதுதான்யா ரகசியமே."

மேலிடத்து உத்தரவு வருகிற வரைக்கும் எவனும் அவனைத் தொடக் கூடாது, தப்பிக்கவும் விடக் கூடாது என்று சொல்லி, நில தெய்வத்தின் கோயிலை ஒட்டின வைக்கோல் அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார். கொல்லச் சொல்லவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். கொல்லவும் துணிச்சல் இல்லை, காப்பாற்றவும் துணிச்சல் இல்லை. அவர் உத்தரவு வரும் என்று சொன்ன மேலிடம் சந்தையில் ஊறுகாய் விற்றுக்கொண்டிருந்தது.

பாவ் லாவ்சான் வேர்க்க விறுவிறுக்க என் கடையைத் தேடி வந்தபோது மத்தியானம் கூட ஆகவில்லை.

"அண்ணி, பன்னிக்கு உடம்பு சரியில்லையாம். உடனே வரச் சொன்னாரு தலைவர்."

"காலையில நல்லா இருந்துச்சே. என்ன பண்ணுது?"

"நான் பாக்கலை அண்ணி. சொல்லச் சொன்னாரு, சொல்றேன்."

"வேற ஏதாவது நடந்துச்சா ஊர்ல?"

"ஒரு வெள்ளைக்காரன் குடையில எறங்கினான். அதைத் தலைவர் பாத்துக்கறாரு. முதுகுல என்னமோ எழுத்து இருந்துச்சு, அதையும் படிச்சுட்டாரு."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. படித்துவிட்டாராம். பன்னிக்கு உடம்பு சரியில்லையாம். பொம்பளைக்கு எழுத்து தெரிந்தால் உருப்படாத வீட்டிலிருந்து ஓர் ஆளை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு எழுத்துத் தெரிந்த பொம்பளையைக் கூப்பிடுகிறார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். பாவ்வை உட்காரவைத்து அரிசிச் சேவை வாங்கிக் கொடுத்தேன். நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன், மிளகாய் எண்ணெய் கூடுதலாக ஊற்றி. இரண்டாவது ஜாடியைக் கடைசித் துணுக்கு வரை விற்றேன். துணிக்கடைக்காரியோடு கதை பேசினேன். கொஞ்சம் தவிக்கட்டும், உதடு அசைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கட்டும் என்று இருந்தேன். விழுந்தவனுக்கு அடிபட்டிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. பாவ்வும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது அவர் தப்பு இல்லை, நான் கேட்காதது என் தப்பு.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு ஊர் எல்லைக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் வாய்க்காலைப் பார்வையிடுவது போல அங்கே நின்றார். நாள் முழுக்க அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

"பன்னி எப்படி இருக்கு தலைவரே?"

"வா."

"எங்க?"

"அந்தத் துணியை ஒரு தடவை பாரு."

"நான் பாத்தா வீடு உருப்படாதே."

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "ரத்தம் நிக்கலை யுன்சியாங்" என்றார். பதினாறு வருஷத்தில் என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது ஐந்தாறு தடவை இருக்கும். தோள்கம்பைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவன் வைக்கோலில் குப்புறக் கிடந்தான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். முகமெல்லாம் புள்ளி. கால்சட்டையின் ஒரு பக்கம் இடுப்பிலிருந்து பூட்ஸ் வரை கறுப்பாகிக் கெட்டியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கி, "டிங் ஹாவ்" என்றான்.

"காலையிலேருந்து இதையேதான் அண்ணி சொல்றான்," என்றான் காவலுக்கு நின்றவன். "ரொம்ப நல்லது, ரொம்ப நல்லதுன்னு. நாங்க கயித்தால கட்டினப்பவும் அதான் சொன்னான். லூசு போல."

நம் பாஷையில் அவனுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். துணியைப் பார்த்தேன். கறுப்பு நூலில் கோணல்மாணலாக அவனே தைத்திருக்கிறான், ஒரு மூலை பிரிந்திருந்தது. எழுத்து பெரிது, தெளிவு, என் அப்பாவின் இழுப்பறைச் சீட்டுகளைவிடச் சுலபம். இந்த அயல்நாட்டுக்காரன் நமக்காகச் சண்டை போட வந்திருக்கிறான், சிப்பாயானாலும் ஜனங்களானாலும் இவனைக் காப்பாற்றுங்கள் என்று போட்டிருந்தது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். அந்த ஒரு மூச்சுக்காக அவன் காலையிலிருந்து காத்துக் கிடந்தான்.

தொடையை இறுக்கிக் கட்டினேன். வீட்டில் அப்பா காலத்துச் சான்ச்சி வேர்ப் பொடி இருந்தது, ரத்தத்தை நிறுத்தும், அதை அப்பி வைத்தேன். வாயில் கஞ்சித் தண்ணீர் விட்டேன். பாதி உள்ளே போனது, தூக்கிக்கொண்டு போகிற நிலையில் அவன் இல்லை. என் வீட்டுக்காரர் மாவட்டத் தலைநகருக்கு ஆளை ஓடவிட்டார். பிறகு பெட்டியைத் திறந்து, கொடிப் படம் போட்ட அந்தப் பழைய காகிதத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் படித்தேன். கொடியும் எழுத்தும் தைத்த துணியோடு விமானி யாராவது விழுந்தால் தண்ணீர் கொடுத்து, காயம் கட்டி, ஒரு மணி நேரத்துக்குள் டோலி கட்டித் தூக்கி வர வேண்டும். ஒளித்து வைப்பவர்களும் தாமதிப்பவர்களும் ராணுவச் சட்டப்படி தண்டிக்கப்படுவார்கள்.

"கடைசி வரியை இன்னொரு தடவை," என்றார்.

இன்னொரு தடவை படித்தேன். அவர் உதடு அசைந்தது. அந்த நேரத்திலும் மனப்பாடம் செய்துகொண்டார்.

பொழுது விடிவதற்குள் அவன் போய்விட்டான். நான்தான் கண்ணை மூடினேன். என் அப்பாவுக்கு அழுததைவிட அவனுக்கு அதிகமாக அழுதேன், ஏனென்றால் அப்பா சாகிறபோது நான் சந்தையில் உட்கார்ந்து சேவை தின்னவில்லை.

காலையில் ஜீப் வந்தது. நம் பட்டாளத்துக் கேப்டன் ஒருவர், உயரமான வெள்ளைக்கார விமானி ஒருத்தன், இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஷென் என்கிற பல்கலைக்கழக மாணவன். வெள்ளைக்காரன் செத்தவனைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். பிரிந்திருந்த துணி மூலையை விரலால் ஒட்டவைக்கிற மாதிரி அழுத்தினான். செத்தவன் பேர் வீலன், இரண்டு பேருக்கும் ஒரே அறை என்று ஷென் சொன்னான். வெள்ளைக்காரன் தலையைத் திருப்பாமலே என்னவோ கேட்டான்.

"இதை இங்க யாருமே படிக்கலையான்னு கேக்கறாரு," என்றான் ஷென்.

ஊரே என் வீட்டுக்காரரைப் பார்த்தது.

"நான் படிச்சேன்," என்றார்.

கேப்டன் அவர் பக்கம் திரும்பினார். "எப்ப படிச்சீங்க?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். எனக்குப் படிக்கத் தெரியாது ஐயா என்று. கூடிப்போனால் பத்து கசையடி, தலைவர் வேலை போகும், நாலு பேர் சிரிப்பார்கள். நான் அவர் முகத்தையே பார்த்தேன். இரண்டு தடவை இருமினார்.

"விழுந்த உடனே படிச்சேன்."

"காலையில விழுந்தான். உங்க ஆள் எங்ககிட்ட வந்தது ராத்திரி. நடுவுல என்ன பண்ணினீங்க?"

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"இதைப் பத்தி உத்தரவு வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஊருக்குப் படிச்சுச் சொன்னீங்களா?"

பாவ் லாவ்சான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தலைவர் கொடி ஏத்தச் சொன்னாருங்க. அதைத் தவிர வேற ஒண்ணும் சொல்லலை," என்றார்.

கேப்டனின் குரல் தணிந்தது. "அப்ப உத்தரவை மறைச்சிருக்கீங்க. ஆளையும் நாள் பூரா பூட்டி வெச்சிருக்கீங்க. யாருக்காகப் பூட்டி வெச்சீங்க? யார் வந்து வாங்கிக்கப் போறதா இருந்தாங்க?"

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"ஐயா, அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்து தெரியாது. எல்லாக் காகிதமும் நான்தான் படிப்பேன். நேத்து நான் சந்தைக்குப் போயிட்டேன், அதான் நடந்தது."

ஜனங்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், பெரிய மனுஷர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "பொம்பளை பயந்துட்டா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க," என்றார் கேப்டனிடம்.

கேப்டன் யோசித்தார். பிறகு தன் தோல் பையிலிருந்து காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதைப் படிங்க."

கொடிப் படம். அதே உத்தரவு. உலகத்தில் எத்தனையோ காகிதம் இருக்க, அந்த ஆள் பைக்குள் கைவிட்டு அதை எடுத்தார்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். காகிதத்தைத் தூரமாகப் பிடித்தார். ஊரே கேட்க, கணீரென்று, தண்ணீர் கொடுப்பதிலிருந்து ராணுவச் சட்டப்படி தண்டனை என்கிற வரைக்கும், தேதியோடு, ஒரு சொல் பிசகாமல் படித்து முடித்தார். இந்தத் தடவை பக்கத்தைக்கூடச் சரியான இடத்தில் திருப்பினார். கூட்டத்தில் ஒருவர், "இந்த மாதிரிப் படிக்கிறவரைப் போய்" என்று என்னைப் பார்த்து முறைத்தார்.

"வேற காகிதம் குடுங்க ஐயா," என்றேன். "உங்க சட்டைப் பையில இருக்கற செய்தித்தாளைக் குடுங்க. அதைப் படிக்கச் சொல்லுங்க."

கேப்டன் செய்தித்தாளை எடுக்கக்கூடச் செய்தார். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்றார். "நான் ஊர்த் தலைவர். படிக்கச் சொன்னதைப் படிச்சுட்டேன். என் ஊர் முன்னாடி என்னைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பரீட்சை பண்றது நியாயமில்லை," என்றார்.

நான் செய்தித்தாளைப் பிடுங்கி முதல் பத்தியை மளமளவென்று படித்துக் காட்டினேன். பார்த்தீர்களா, படிக்கிறவள் நான் என்றேன்.

"நல்லாவே படிக்கற," என்றார் கேப்டன். "உன் வீட்ல ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியும்னு தெரியுது. இவரைக் கட்டுங்க."

என் வீட்டுக்காரரை ஜீப்பில் ஏற்றியபோது வெள்ளைக்காரன் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நண்பனைப் போர்வையில் சுற்றிப் பின்னால் படுக்கவைத்து, ஜீப் குலுங்குகிறபோது தலை அடிபடாமல் கையால் பிடித்துக்கொண்டு போனான். நான் அவர்களைப் பற்றிச் சிரித்ததையெல்லாம் அன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரரோ தெரிந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே போனார், மேலிடத்தில் கூட்டத்துக்குக் கூப்பிட்ட மாதிரி.

பதின்மூன்று நாள் கழித்துச் சுட்டுவிட்டார்கள். உடலை வாங்கிக்கொள்ளக் குன்மிங் போனேன். அங்கே விசாரணை அறையில் இருந்த குமாஸ்தா என்னிடம் அவர் கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டினான். நின்றபடியே படித்தேன். ஜப்பான்காரனிடமிருந்து உப்பும் அபினியும் வாங்கிக்கொண்டு, விழுகிற விமானிகளைப் பிடித்துவைத்துக் கொடுக்கச் சம்மதித்ததாக அதில் இருந்தது. மூன்று ஆட்களின் பெயர், தேதி, இடம் எல்லாம் இருந்தது. எந்தப் பாவி இட்டுக்கட்டினானோ. கடைசியில், முழுவதையும் நானே வாசித்துப் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறேன் என்ற வரி. அதற்குக் கீழே அவருடைய முத்திரை, நேராக, அழகாக.

"யாராவது அவருக்கு இதை வாசிச்சுக் காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"வாசிக்கட்டுமான்னு கேட்டேம்மா," என்றான் குமாஸ்தா. "என் மேல கோவம் வந்துடுச்சு அவருக்கு. வாங்கி, கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு, முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமா பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம், 'கையெழுத்து நல்லா இருக்கு தம்பி'ன்னு சொல்லிட்டு முத்திரை வெச்சாரு."